ஓட்டில் இருந்ததும் கதையில் இருப்பதும்

செங்கடலுக்கடியில் பார்வோனின் தேர்ச்சக்கரம், அரராத் மலையில் நோவாவின் பேழை என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. படித்தவர்களே மேடையேறி நிதானமாகச் சொல்லும் வாதம்தான் எனக்குக் கவலை தருகிறது: மண்ணைத் தோண்டினார்கள், பெயர் கிடைத்தது, ஆகவே வேதாகமக் கதை முழுவதும் நிரூபணமாகிவிட்டது.

பெயர் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. தாவீது வெறும் கற்பனை என்று அடித்துச் சொன்ன ஆய்வாளர்கள், 1993-ல் தேல் தாண் மேட்டில் 'தாவீதின் வீடு' என்று பொறித்த கல் கிடைத்ததும் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. 1961-ல் செசரியாவில் கிடைத்த கல், பிலாத்து யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி என்பதை உறுதி செய்தது. இவ்வளவும் சரி. ஆனால் முதல் கல்லில் கோலியாத்து இல்லை. இரண்டாவதில் இயேசுவின் விசாரணை இல்லை. ஆள் இருந்தார் என்பதற்கும் அவரைப் பற்றிய கதை நடந்தது என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை எந்தக் கடப்பாரையும் கடந்ததில்லை.

அந்தத் தூரம் எப்படி மறைக்கப்படுகிறது என்பதைக் காண எருசலேம்வரை போக வேண்டாம். மைசூரில் மண்டி மொஹல்லாவுக்குப் பக்கத்தில், அசோகா சாலையில் நிற்கும் புனித பிலோமினா பேராலயமே போதும். பிலோமினா வேதாகமத்தில் வருபவர் இல்லை. வாதம் மட்டும் அதே வாதம். 1926-ல் மகாராஜாவின் செயலராக இருந்த தம்பு செட்டி அந்தப் புனிதையின் திருப்பண்டத்தைப் பெற்றார். 1933-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். திருப்பண்டம் இன்றும் நிலவறையில் இருக்கிறது. "எலும்பே இருக்கிறது, எழுத்தே இருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கேட்பவர்களை இந்த ஊரில் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

எழுத்தைப் பார்ப்போம். 1802 மே மாதம் ரோமில், பிரிசில்லா நிலவறைக் கல்லறைகளில், ஒரு குழியின் வாயை மூன்று சுடுமண் ஓடுகள் அடைத்திருந்தன. அவற்றில் சிவப்பு வண்ணத்தில் 'லூமேனா', 'பாக்ஸ் தே', 'கும் ஃபி' என்றிருந்தது. முதல் ஓட்டைக் கடைசிக்கு நகர்த்தினால்தான் 'உனக்குச் சமாதானம், பிலோமினா' என்று பொருள் வரும். கூடவே நங்கூரம், அம்புகள், குருத்தோலைப் படங்கள். உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள், ஒரு கண்ணாடிக் குப்பி. அவ்வளவுதான். பெற்றோர் யார், எந்த ஊர், எப்படி இறந்தாள் என்று ஓரெழுத்தும் இல்லை. எலும்புகள் 1805-ல் முஞ்ஞானோ ஊருக்குப் போயின. அதிசயங்கள் நடந்ததாகச் செய்தி பரவியது.

கதை வந்தது அதன் பிறகு. நேப்பிள்ஸ் நகரக் கன்னியாஸ்திரீ ஒருவர் தாம் பெற்ற வெளிப்பாடாகச் சொன்னது 1833-ல் வெளியானது. அதன்படி அவள் கிரேக்க அரசகுமாரி. ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் அவளை மணக்க விரும்பினான், அவள் மறுத்தாள். நங்கூரம் கட்டி ஆற்றில் எறிந்தார்கள், அம்பெய்தார்கள், கடைசியில் தலையை வெட்டினார்கள். ஓட்டில் இருந்த நங்கூரமும் அம்புகளும் கதையில் சித்திரவதைகளாகிவிட்டன! நங்கூரம் அக்காலக் கிறிஸ்தவக் கல்லறைகளில் நம்பிக்கையின் அடையாளமாக எங்கும் வரையப்பட்டது. ஓட்டைப் பார்த்துப் பிறந்த கதைக்கு அதே ஓட்டைச் சாட்சிக்கு அழைப்பதை நிரூபணம் என்று எப்படி ஏற்பது?

ஓடுகள் ஏன் வரிசை மாறின? பழைய கல்லறையொன்றின் ஓடுகளை எடுத்து வேறொருவர் குழியை மூடியிருக்கிறார்கள், அந்தப் பெயருக்கும் அந்த எலும்புக்கும் தொடர்பில்லை என்றார் தொல்லியலாளர் ஒராத்சியோ மரூக்கி. மறுத்தவர்களும் உண்டு. நம் கோயில்களை அறிந்தவர்களுக்கு எழுத்து இப்படி இடம் மாறுவது புதிதல்ல. திருப்பணியில் கற்களைக் கலைத்து அடுக்கியதில் ஒரு கல்வெட்டின் பாதி வடசுவரிலும் மீதி படிக்கட்டிலும் கிடக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு 1966 முதல் இதே மைசூரில்தான் இயங்குகிறது. மைப்படி எடுக்கிற யாரும் கல் முதலில் எங்கே இருந்தது என்று கேட்காமல் வாசிக்கத் தொடங்குவதில்லை. பக்தி நூல் எழுதுகிறவர் மட்டும் ஏன் அதைக் கேட்பதில்லை?

கதையை மடியில் கட்டிக்கொண்டு தோண்டப் போனால் பெரிய அறிஞரும் தடுக்கி விழுவார். எரிகோவில் 1930-களில் தொல்லியலாளர் கார்ஸ்டாங், இடிந்த மதிலைக் கண்டதும் யோசுவா வீழ்த்திய மதில் என்றார். 1950-களில் கேத்லீன் கென்யன் அடுக்கடுக்காக ஆராய்ந்து, அந்த மதில் யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது என்று காட்டினார். அஸ்தினாபுரத்திலும் துவாரகையிலும் இதிகாசத்தைத் தேடிய நம்மவர்களும் இதே சறுக்கலுக்குத் தப்பவில்லை.

1961 பிப்ரவரியில் வத்திக்கான், பிலோமினாவின் பெயரை எல்லாத் திருவழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்தும் நீக்கச் சொன்னது. தனிப்பட்ட பக்திக்குத் தடையில்லை. பிலோமினா அத்தை இல்லாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் அபூர்வம். அந்தப் பெயருக்கும் அந்த வேண்டுதல்களுக்கும் ஓட்டின் தயவு தேவையுமில்லை. பேராலயத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் வருகிறவர்களுக்கு விளக்குகிறவர்களும் 1802-ல் கிடைத்தது இது, 1833-ல் சொல்லப்பட்டது இது என்று பிரித்துச் சொல்லட்டும். பிலாத்து கல்லைக் காட்டிப் பிரசங்கிக்கிறவர்களிடமும் நான் கேட்பது இதைத்தான்.