நெஞ்சில் ஒரு ஜன்னல்

"அண்ணாச்சி, கோபுரம் நல்லாத்தான் இருக்கு. அதச் சுத்தி எதுக்கு ஜன்னல் வச்சிருக்கிய?"

ஆடித் தபசுக்கு நீர்மோர்ப் பந்தல் போடும் பையன்கள் கேட்டது. கருநீல டி-ஷர்ட், நெஞ்சில் சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம், கீழே குழுவின் பெயர். 60 உருப்படி. கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடித்தால், கோபுரத்தைச் சுற்றி அளவெடுத்து வரைந்த மாதிரி ஒரு சதுரம் மினுங்குகிறது. டேப் வைத்துப் பார்த்தேன். 15 அங்குலம். என் புது மெஷினின் தட்டு அளவு.

இந்த ஹீட் பிரஸ் வந்து எட்டு வாரம் ஆகிறது. 15-க்கு 15 தட்டு, பின்னால் கீல் வைத்து முதலை வாய்போலத் திறக்கும் ரகம், டிஜிட்டல் மீட்டர். மற்ற விவரம் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே கம்பெனியின் பழைய மாடலை ஆறு வருஷம் ஓட்டிய பாசத்தில்தான் இதையும் வாங்கினேன். பழையதில் மீட்டர் கிடையாது, திருகுகிற டயல்தான். அதனால் அதற்குப் பொய் சொல்லவும் தெரியாது.

மஞ்சப்பையில் ஸ்கிரீன் அடிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பிக்மென்ட் இங்க், கொடியில் காயப்போட்டால் பாதி வேலை முடிந்தது. டி-ஷர்ட்டில் பிளாஸ்டிசால் அடித்தால் அது காற்றில் காயாது. சுமார் 160 டிகிரி சூடு ஏறினால்தான் வேகும். சூடு குறைந்தால் இரண்டாவது துவைப்பில் உரிந்து வரும். திருப்பூர்க்காரர்களிடம் கன்வேயர் டிரையர் இருக்கிறது. பெல்ட்டில் சட்டை உள்ளே போகும், வெந்து வெளியே வரும், எதுவும் அதைத் தொடாது. தொடாத இடத்தில் தடம் ஏது? நம்மைப் போன்ற ஒற்றை அறைக் கடைக்கு ஹீட் பிரஸ்தான் அடுப்பு. முதலில் தட்டைத் தொடாமல் மேலே காட்டி இங்கை உறையவைத்து, பிறகு பட்டர் பேப்பர் போட்டு அழுத்துவோம்.

இந்த மெஷின் மேல் எனக்குள்ள முக்கால்வாசிக் கோபம் அந்த 'மேலே காட்டுவதில்'தான். கீல் பின்னால் இருப்பதால் தட்டு சாய்ந்தே இறங்குகிறது. முன்பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டால் பின்பக்கம் துணியை உரசுகிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் முன்பக்கத்து இங்க் பச்சையாகவே கிடக்கிறது. முழுதாக மூடும்போதும் முதல் கடி பின் விளிம்புக்குத்தான், அங்கேதான் கோடு ஆழமாக விழுகிறது. பக்கவாட்டில் சுழன்று, நேராக இறங்கும் ரகம் வாங்கியிருக்கலாம். கடையில் அதற்கு இடம் இல்லை. அதனால் இப்போது சட்டையின் கழுத்தை என் பக்கம் வைத்து, வயிற்றுப் பக்கத்தைக் கீலுக்குக் கொடுக்கிறேன். ஆழமான கோடு கீழே போய்விடும், இன் பண்ணினால் மறையும். நீர்மோர் ஊற்றுகிறவர்கள் யாரும் இன் பண்ணுவதில்லை என்பது வேறு விஷயம்.

கறுப்புப் பேன்ட்டை நேரடியாக இஸ்திரி போட்டு முட்டிப் பக்கம் பளபளப்பு ஏற்றியவர்களுக்கு இந்தச் சதுரம் புதிதல்ல. எங்கள் தெரு இஸ்திரிக்காரர் அந்த மாதிரித் துணிக்கு மேலே ஈரத்துணி விரிக்காமல் பெட்டியை இறக்கவே மாட்டார். சூட்டிலும் அழுத்தத்திலும் நூலின் பிசிறு படிந்து தட்டையாகிறது. தட்டையானது கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்புகிறது. அடர் நிறத்தில் அது பளிச்செனத் தெரியும், வெள்ளையில் தேடினாலும் கிடைக்காது.

பருத்தியாக இருந்தால் பயமில்லை. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் தெளித்து, ஸ்டீம் அயனைத் தொடாமல் மேலே காட்டி, உள்ளங்கையால் தடவிவிட்டால் பிசிறு எழுந்து நிற்கும். பருத்தி இயல்பாகவே தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரம் பிடிக்கும், ஆவியைக் கண்டால் குடித்து உப்பும். பாலியஸ்டர் பிடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. 250 டிகிரி தாண்டித்தான் உருகும் என்றாலும் 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், இளகியபோது எப்படி அழுத்தினோமோ அப்படியே ஆறி இறுகும். என் 60 உருப்படியில் 22 பருத்தி, அவை தப்பின. மீதி 38-ம் காதர்பேட்டையில் மலிவாகக் கிடைத்த பாலியஸ்டர். ஆவி காட்டிக் காட்டிக் கை வெந்ததுதான் மிச்சம். கூலியை விட்டுக்கொடுத்தேன்.

இந்த எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் மெஷினோடு வரவில்லை. தனியாக வாங்கிய 10-க்கு 12 சிலிகான் ஃபோம் பேட். கோபுரத்தைவிட ஒரு விரல் பெரிது, தட்டைவிடச் சிறிது. இதைச் சட்டைக்குள் நுழைத்து வைத்தால் அச்சு இருக்கும் இடம் மட்டும் மேடாகும். தட்டின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும், காலரும் தையலும் பள்ளத்தில் இறங்கிவிடும். ஜன்னல் போயிற்று. முதல் நாள் பேடின் முனைகளே நான்கு புள்ளியாகப் பதிந்தன. கத்தரியால் முனையை வளைத்து வெட்டினேன், அதுவும் போயிற்று. இந்த ரப்பர்த் துண்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கத் தெரியாத கம்பெனி, சாவிக்கொத்து ஒன்று இலவசமாக வைத்திருந்தது.

கூடவே கொடுத்த டெஃப்லான் ஷீட்டையும் மூலையில் சுருட்டி வைத்துவிட்டேன். அது இங்கின் மேல் பிளாஸ்டிக் மினுக்கு ஏற்றுகிறது. பட்டர் பேப்பரில் அந்த மினுக்கு இல்லை. பாலியஸ்டருக்கு இனி 130 டிகிரியிலேயே வேகும் இங்க்தான். விலை கூடுதல்தான், ஆனால் 38 சட்டைக் கூலியைவிடக் குறைவு.

மீட்டர் 150 காட்டும்போது சூடு பார்க்கும் கன்னை வைத்தேன். நடுவில் 154, முன் மூலையில் 138. மூலை வேகவில்லையே என்று சூட்டை ஏற்றினால் நடுவில் தடம் விழும், நியாயம்தானே? அழுத்தத் திருகில் ஒரு எண்கூட இல்லை. நேற்று எவ்வளவு இறுக்கினோம் என்பது கைக்குத்தான் தெரியும். நான் நெயில் பாலிஷில் மூன்று கோடு போட்டிருக்கிறேன்: பருத்திக்கு, கலப்புக்கு, பாலியஸ்டருக்கு.

பருத்தி மட்டும் அடிப்பவர் தாராளமாக வாங்கலாம், சீக்கிரம் சூடாகிறது, கைப்பிடி இலகு. கபடி ஜெர்சி ஆர்டரை நம்பி வாங்குகிறவர் கடையில் கொஞ்சம் இடத்தை ஒழித்துக்கொண்டு சுழலும் ரகத்துக்குப் போங்கள். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நேரம் முடிந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும் பஸ்ஸருக்கு மட்டும், பஞ்சு அடைத்து மேலே இரண்டு சுற்று டேப் ஒட்டியிருக்கிறேன்.