பாணும் பாணின் பெயரும்

ஜொனதன் பெந்தோலும் ஜெரோம் பெலியோன்-ஜூர்டனும் எழுதிய 'த சாரிட்டபிள் கிரசன்ட்' 2003இல் லண்டனில் வெளிவந்த நூல். முஸ்லிம் உலகில் உதவியின் அரசியல் பற்றியது. நான் அதைப் பிந்தித்தான் படித்தேன். ஊரில் பொருளியல் படிப்பித்த நாட்களில் கிடைத்திருந்தால் மாணவருக்கு ஒரு பாடமாக வைத்திருப்பேன். இப்போது பெட்டி அடைக்கும் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸிலும், சாப்பாட்டு இடைவேளையிலுமாகத் துண்டு துண்டாகப் படித்து முடித்தேன். அதனால்தானோ என்னவோ, நூலில் இருப்பதோடு இல்லாததும் கண்ணில் பட்டது.

முதலில் இருப்பதைச் சொல்ல வேண்டும். 2001 செப்டெம்பருக்குப் பின் முஸ்லிம் தொண்டு நிறுவனம் என்றாலே துப்பாக்கிக்குப் போட்ட திரை என்று மேற்குலகில் பலர் பேசினார்கள். அந்த நேரத்தில் இந்த நூலாசிரியர்கள் அவசரப்படவில்லை. மறுபக்கம் நின்று புகழ் பாடவும் இல்லை. உதவி, மதம், அரசியல் மூன்றும் எங்கும் கலந்தே வந்திருக்கின்றன என்பது அவர்களது வாதம். 1876இல் ஒட்டோமான் அரசு செஞ்சிலுவையை ஏற்காமல் செம்பிறையை எடுத்துக்கொண்டது. ஜெனீவா உடன்படிக்கை அதை அங்கீகரித்தது 1929இல்தான். நடுநிலையின் சின்னமே சிலுவையா பிறையா என்று இழுபட்டிருக்கும்போது, முஸ்லிம் நிறுவனத்தை மட்டும் பிடித்து 'நீ மதமா, மனிதாபிமானமா?' என்று கேட்பது நியாயமான கேள்வி அல்ல.

ஸகாத் பற்றிய பகுதி நூலின் மிகச் சிறந்த பகுதி. ஓராண்டு கையில் நின்ற சேமிப்பில் இரண்டரை வீதம் வறியவருக்குச் சேரவேண்டியது. அது தருமம் அல்ல, கடமை. வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் உரிமை. குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் இதைப் பெறத்தக்க எட்டு வகையினரைச் சொல்கிறது. வறியவர், தேவையுடையோர், கடனாளிகள் எல்லாரும் அதில் வருகிறார்கள். 'வழிப்போக்கர்' என்றும் ஒரு வகை உண்டு. அந்தச் சொல்லுக்குள் அகதியைச் சேர்த்து வாசிப்பவர்கள் பலர். அகதி அட்டையோடு வந்து இறங்கிய எனக்கு அந்த இடத்தில் சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை.

அதே பட்டியலில் 'இறைவனின் பாதையில்' என்றும் ஒரு வகை இருக்கிறது. அது போரா, பள்ளிக்கூடமா, எந்த நற்செயலுமா? முஸ்லிமல்லாதவருக்கு ஸகாத் கொடுக்கலாமா? சட்ட அறிஞரிடையே ஒருமித்த பதில் இல்லை. ஆகவே நிறுவனங்கள் காசைப் பிரித்து வைக்கின்றன: ஸகாத் ஒரு கணக்கு, கட்டுப்பாடில்லாத ஸதகா ஒரு கணக்கு, குர்பான் இறைச்சிக்கு ஒன்று, அநாதைப் பிள்ளைகளுக்கு ஒன்று. கொடுப்பவர் எதற்கென்று சொல்லிக் கொடுக்கிறாரோ அதற்கே அது போகவேண்டும். இந்த ஒழுங்கு யுத்த களத்தில் என்னவாகிறது என்பதை பொஸ்னியா காட்டியது.

1992 முதல் 1995 வரை நடந்த அந்த யுத்தத்துக்குப் பல விதமான முஸ்லிம் நிறுவனங்கள் வந்தன. ஹானி அல்-பன்னா என்ற மருத்துவர் 1984இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய இஸ்லாமிக் றிலீஃப் அவற்றில் ஒன்று. வளைகுடா நாடுகளிலிருந்து பெரும் பணத்தோடு வந்தவையும் உண்டு. 1913இல் சரயேவோவில் தோன்றிய மெர்ஹமெத் உள்ளூர் அமைப்பு. இன்னொன்றும் இருந்தது. 1987இல் வியன்னாவில் தொடங்கப்பட்ட 'மூன்றாம் உலக நிவாரண முகவரகம்'. பெயரில் நிவாரணம்; அதன் வழியே போன பல கோடி டொலரில் பெரும்பகுதி ஆயுதத்துக்கு.

இந்த இடத்தில் நாம் உத்தமர் வேடம் போடக்கூடாது. 1991 செப்டெம்பரில் ஐ.நா. முழு யூகோஸ்லாவியாவுக்கும் ஆயுதத் தடை விதித்தது. பழைய இராணுவத்தின் பீரங்கிகள் சேர்பியர் பக்கம் இருந்தன. தடை உண்மையில் தாக்கியது வெறுங்கையோடு நின்றவர்களை. அவர்கள் ஆயுதம் தேடியது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆயுதம் பாணின் பெயரில் போனது குற்றம். ஒரு லொறி அப்படிப் போனால், அடுத்து வரும் பத்து லொறியையும் சோதனைச்சாவடியில் மறிப்பவனுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

எனக்குப் பக்கத்து மெசினில் நிற்பவர் ஸெனித்சாவிலிருந்து வந்த பெண். யுத்தத்தில் தகப்பனை இழந்தபோது அவருக்கு ஒன்பது வயது. தாய் இருந்தும் அவர் அநாதைக் கணக்கில் சேர்க்கப்பட்டார். தகப்பன் இல்லாத பிள்ளையை இஸ்லாமிய மரபு அநாதையாகக் கொள்கிறது. விதவைகள் நிறைந்த நாட்டில் அந்த வரைவிலக்கணம் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. மாதாமாதம் காசு வந்தது. கொடுத்த நிறுவனம் பிள்ளை குர்ஆன் வகுப்புக்கு வரவேண்டும், தாய் முக்காடிட வேண்டும் என்றது. "அம்மா அலுவலக வாசலில் கட்டுவா. திரும்பி வரும்போது தெரு மூலையில் அவிழ்த்துப் பைக்குள் வைப்பா," என்றார். வகுப்பு எப்படி என்று கேட்டேன். "வகுப்பு எனக்குப் பிடிச்சிருந்தது. வராவிட்டால் காசு இல்லை என்றதுதான் பிடிக்கவில்லை."

நூலில் எனக்குப் போதாமல் பட்டது இந்தப் பெண்ணின் தாய்தான். உதவிக்கு வைத்த மத நிபந்தனைகள் பற்றி நூலாசிரியர்கள் அறியாதவர்கள் அல்ல. எனினும் அவர்களது கண் கொடுப்பவர் மேலேயே தங்குகிறது: அவரது நோக்கம், வலைப்பின்னல், அரசோடு உறவு. வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வந்து போகிறார். என்னுடைய அளவுகோல் வேறு. வரிசையில் நிற்பவர் நிபந்தனையை மறுத்துவிட்டும் பாணை வாங்கிக்கொண்டு போக முடியுமா?

முடியும் என்பதற்கு அதே பொஸ்னியாவில் சாட்சி உண்டு. முற்றுகையிடப்பட்ட சரயேவோவில் மெர்ஹமெத்தோடு கத்தோலிக்கரின் கரித்தாஸும், சேர்பியரின் டொப்ரொத்வோரும், யூதரின் லா பெனெவொலென்சியாவும் இயங்கின. 1892இல் தொடங்கிய அந்த யூத அமைப்பு முற்றுகைக்குள் மருந்தகங்களும் கஞ்சிச் சமையலறையும் நடத்தியது. வந்தவர் எந்த மதம் என்று கேட்கவில்லை. அதுவும் மத அமைப்புத்தான். ஆகவே பிரச்சினை மதம் அல்ல. பாணுக்குப் பின்னால் கட்டிவிடும் கயிறு.

நூல் வெளிவந்த பிறகு நடந்தவையும் உண்டு. யூ.பி.எஸ். வங்கி 2012இலும், எச்.எஸ்.பி.சி. வங்கி 2016இலும் இஸ்லாமிக் றிலீஃபோடு தொடர்பை முறித்தன. சிரியா எரிந்துகொண்டிருந்த காலம் அது. வங்கி வழி அடைபட்டால் யுத்த பூமிக்குக் காசைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். கையில் போகும் காசுக்குக் கணக்குக் காட்டுவது கடினம். பிறகு கணக்கில்லை என்று அடுத்த குற்றச்சாட்டு வரும். குற்றம் செய்தவர் ஒருவர், தண்டனை அனுபவிப்பவர் இன்னொருவர். இந்தச் சந்தேகத்தில் இஸ்லாம் மீதான வெறுப்புக்குப் பங்கு உண்டு. வியன்னாவுக்கும் பங்கு உண்டு.

பிறர் முதுகைப் பற்றி எழுதிவிட்டு என் முதுகை மறைக்க முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நடந்தும் படகிலும் புத்தளம் போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டவர்கள் அங்கிருந்த முஸ்லிம் மக்கள். முஸ்லிம் தொண்டு யுத்தத்தில் எப்படி இயங்கும் என்பதற்கு எம் வீட்டு வாசலிலேயே உதாரணம் இருந்தது. அப்போது எனக்கு இருபது வயது. நான் ஒரு சுண்டு அரிசிகூடக் கொடுக்கவில்லை.

கொடுக்காதவன் பின்னர் சேர்ப்பவனானேன். இந்த நாட்டுக்கு வந்தபின் 2009 வரை இரண்டு வருடம் ஓர் அமைப்புக்காக வீடு வீடாகப் போய் 'நிவாரணம்' என்று காசு வாங்கினேன். பற்றுச்சீட்டும் கொடுத்தேன். துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா காசை நீட்டிவிட்டுக் கேட்டா: "தம்பி, இது அரிசிக்கோ, மற்றதுக்கோ?"

"எல்லாம் ஒண்டுதான் அக்கா," என்றேன்.

அவ காசைத் தந்தா. அதில் எவ்வளவு அரிசியாகப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அன்று விரும்பவுமில்லை. ஸெனித்சாவில் முக்காட்டை அவிழ்த்துப் பைக்குள் வைத்த தாய்க்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. இந்த அக்காவுக்கு அறியும் உரிமையை நான் கொடுக்கவில்லை. அந்த இரண்டு உரிமையும் இல்லாத இடத்தில் போய்ச்சேர்வது, பிறை பொறித்த பெட்டியில் வந்தாலென்ன, சிலுவையோ வேறெந்தச் சின்னமோ பொறித்த பெட்டியில் வந்தாலென்ன, உதவி அல்ல.

நூலை எல்லாரும் படிக்கவேண்டும். படித்துவிட்டு, எங்கள் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும்.