வேகத்தை விற்று வலிமை வாங்குதல்

மின்மோட்டாரின் பிறவிக் குணம் அவசரம். கைக்கடக்கமான ஒரு சிறு மோட்டாருக்கு நிமிஷத்தில் 5000 சுற்றுச் சுற்றுவது அநாயாசமான காரியம். ஆனால் அதன் அச்சை இரண்டு விரலால் இறுகப் பற்றினால் நின்றுபோகும். ரோபோவின் முழங்கைக்கும் மில்லிங் மெஷினின் சுழல்மேசைக்கும் வேண்டியதோ இதற்கு நேர்விரோதமான சுபாவம்: நிதானமாகத் திரும்ப வேண்டும்; திரும்புகையில் எதிர்ப்பட்ட பாரத்துக்குப் பணியாமல் திரும்ப வேண்டும்; நிறுத்திய இடத்தில் நிலைத்து நிற்கவும் வேண்டும். இவ்விரு சுபாவங்களுக்கும் நடுவே நின்று பேரம் முடித்து வைக்கிற சாதனத்தைத்தான் பட்டறைகளில் ரிடக்ஷன் கியர்பாக்ஸ் என்கிறார்கள். வேகத்தை அது 60-ல் ஒரு பங்காகக் குறைத்தால், உராய்வு தின்றது போக மிச்சமெல்லாம் முறுக்கு விசையாக நம் கைக்கு வந்து சேருகிறது.

பணம் கொடுத்தால் கடையில் கிடைக்கிற இந்தச் சாதனத்தை, கொல்லைப்புறக் கொட்டகையில் கிடக்கும் ஒரு சின்ன லேத்தையோ, மேஜை மேல் வைத்த த்ரீ டி பிரிண்டரையோ மாத்திரம் நம்பித் தாமே நிர்மாணித்துக்கொள்ளும் ரசிகர் கூட்டம் ஒன்று உலகெங்கும் உண்டு. தொழிற்சாலைக் கருவிகளின் துல்லியம் அவர்களுடைய கருவிகளுக்குக் கிடையாது. அப்படியிருந்தும் அவர்கள் கையில் உருவான கியர்பாக்ஸ்களில் சில, தேர்ந்த பொறியாளரும் ஒரு கணம் நின்று பார்க்கும்படியான நேர்த்தியோடு ஓடுகின்றன. அதன் சூட்சுமம் குறையற்ற பல்லை வெட்டும் சாமர்த்தியத்தில் இல்லை; ஒவ்வொரு பல்லிலும் இருந்தே தீருகிற குறையைப் பல பற்களின் மேல் பரப்பிக் கரைத்துவிடும் அமைப்பிலேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுற்றிவிடும் வார்ம் கியரை எடுத்துக்கொள்வோம். துளைக்குள் மரை வெட்டுவதற்கென்று எந்த இரும்புக் கடையிலும் விற்கிற சாதாரண டேப் ஒன்றே, வீட்டுப் பட்டறைக்காரனுக்குப் பல் வெட்டும் கருவியாகிவிடுகிறது. டேப்பை லேத்தின் சக்கில் பிடித்து, எதிரே ஒரு முளையில் தடையின்றிச் சுழலும்படி பித்தளை வட்டு ஒன்றை மாட்டி, மெல்ல மெல்ல உள்ளே நெருக்கினால், சுழலும் டேப்பின் புரியே வட்டைத் தன்னோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு அதன் விளிம்பில் பல் பல்லாகச் செதுக்கிப்போகும். கேட்பதற்கு இது எளிது. செய்கையில் கணக்கு குறுக்கே வந்து நிற்கும். எம் 10 டேப்பின் புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர், 60 பல் வேண்டுமானால் பல்லின் நடு ஆழத்தில் வட்டத்தின் விட்டம் 28.65 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் டேப் முதலில் தொடுகிற வெளி விளிம்பு அதைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருப்பதால், அங்கே 62 பல்லுக்கு இடம் இருக்கிறது. முதற்கீறல் 62-ஐ நாட, ஆழம் 60-ஐக் கேட்க, இரண்டுக்கும் பிணக்கு மூண்டு பற்கள் மெலிந்து சிதைந்துவிடும். ஆகையால் அனுபவஸ்தர்கள் முன்னதாகவே வட்டின் விளிம்பை 60 பாகமாகப் பிரித்துச் சாய்வாக அரையாழம் வெட்டிவிட்டு, டேப்பை மெருகேற்றும் வேலைக்கு மாத்திரம் அழைப்பார்கள். அதன் பிறகு வட்டு எத்தனை முறை வளைய வருகிறதோ அத்தனைக்கும் டேப்பின் வெட்டுமுனைகள் எல்லாப் பற்களையும் தடவித் தடவி, மிகுந்ததைச் சிராய்த்து, ஒன்றை மற்றொன்றுக்குச் சமமாக்கிக்கொண்டே போகின்றன.

இந்த உபாயத்துக்கு மகத்தான பூர்விகம் உண்டு. லண்டனில் கருவி செய்து வாழ்ந்த ஜெஸ்ஸி ராம்ஸ்டன், கடலோடிகளின் செக்ஸ்டன்ட் வில்லில் பாகை கீறுவதற்காக 18-ஆம் நூற்றாண்டில் சமைத்த யந்திரத்தில், 45 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 2160 பற்கள் இருந்தன. அவற்றோடு பொருந்திய திருகு ஒருமுறை சுற்றினால் சக்கரம் பாகையில் ஆறில் ஒரு பங்கு நகரும். அந்தப் பற்களையும், வெட்டுமுனையுள்ள ஒரு திருகைச் சக்கரத்தோடு பொருத்தி மீண்டும் மீண்டும் வளைய வரச் செய்துதான் அவர் முடித்தார். பிரிட்டிஷ் தீர்க்கரேகைக் குழு அவருக்கு 615 பவுன் கொடுத்து, யந்திரத்தின் விவரத்தை 1777-ல் நூலாக வெளியிட்டது. இன்று 200 படியில் ஒரு சுற்று முடிக்கும் ஸ்டெப்பர் மோட்டாரை 60 பல் வார்ம் சக்கரத்தோடு இணைத்து, படிக்கு 0.03 டிகிரி நகரும் சுழல்மேசையை வீட்டில் செய்துகொள்கிறவன், அறிந்தோ அறியாமலோ ராம்ஸ்டனின் சீடப் பரம்பரையைச் சேர்ந்தவனாகிறான்.

ரோபோ செய்பவர்களின் உள்ளங்கவர்ந்ததோ சைக்ளாய்டல் கியர்பாக்ஸ். ஜெர்மானியரான லோரென்ஸ் பிராரென் கண்டுபிடித்து, 1931-ல் மியூனிக் நகரில் கம்பெனி தொடங்கித் தயாரித்த இந்த அமைப்பில் பற்கள் என்று கூர்மையாகச் சொல்லத்தக்கவை இல்லை. வட்டமாக நட்ட 21 எஃகு முளைகளுக்கு நடுவே, விளிம்பில் 20 மேடுகள் அலையலையாக எழுந்த ஒரு தட்டு, மையம் விலகிய அச்சின் மேல் ஏறித் தள்ளாடிக்கொண்டே உருளுகிறது. அச்சு ஒரு முழுச் சுற்று வருவதற்குள் தட்டு ஒரே ஒரு மேட்டளவு எதிர்த்திசையில் பின்வாங்குகிறது. அந்தத் தள்ளாட்டத்தை விலக்கிச் சுழற்சியை மாத்திரம் வெளியே எடுப்பதற்காகத் தட்டில் வட்டத் துளைகள் இட்டு, அவற்றினுள் வெளியச்சின் முளைகளை நுழைக்கிறார்கள். துளையின் விட்டம் முளையின் விட்டத்தைக் காட்டிலும் மையவிலகலின் இருமடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பதே அதன் லட்சணம். ஒரு தட்டுத் தனியே ஓடினால் உதறும். எதிர்முகமாக இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டின் உதறலும் ஒன்றையொன்று பெருமளவு அணைத்துவிடும்.

இதில் ரசிக்கத்தக்க விசேஷம் என்னவென்றால், சாதாரணச் சக்கரத்தில் ஓரிரு பற்களே முழுப் பாரத்தையும் ஏற்க, இங்கே எந்த நிமிஷத்திலும் பல மேடுகள் கூடி ஏற்கின்றன. பிரிண்டரில் வார்த்த பிளாஸ்டிக் மேடு ஒன்று மயிரிழை தாழ்ந்திருந்தாலும் அண்டையிலுள்ளவை அதன் பங்கைச் சுமந்துவிடும். ஊர் கூடித் தேர் இழுக்கையில் ஒருவன் கை தளர்ந்தால் தேர் நிற்பதில்லை அல்லவா? அமெரிக்கரான வால்ட்டன் மஸ்ஸர் 1950-களில் கண்ட ஹார்மானிக் டிரைவிலும், வளைந்து கொடுக்கும் மெல்லிய கிண்ணம் எதிரெதிர் இரண்டு இடங்களில் பல பற்களை ஒருங்கே பொருத்துகிறது. 1971-ல் நிலவில் ஓடிய அப்போலோ வண்டியின் ஒவ்வொரு சக்கரத்திலும், 80-க்கு 1 என்று வேகத்தைக் குறைத்தது அந்த அமைப்புத்தான்.

இத்தகைய படைப்பை மதிப்பிடுவதற்கு, செய்தவர் பெருமையோடு சொல்லும் விகிதாசாரத்தை நம்புவதில் பயனில்லை. மோட்டார் பக்கத்து அச்சை அசையாமல் கட்டிவிட்டு, வெளியச்சில் 300 மில்லிமீட்டர் நீளக் கை ஒன்றைப் பூட்டி, அதன் நுனியை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். நுனி ஒரு மில்லிமீட்டர் ஆடினால் உள்ளே டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு பிளே இருக்கிறது என்று பொருள். அந்த ஆட்டத்தை ஒழிப்பதற்காக எல்லாவற்றையும் இறுக்கிப் பொருத்திவிட்டால், கியர்பாக்ஸ் சூடேறி முனகத் தொடங்கும். தளர்த்தினாலோ ரோபோவின் கை நடுங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தைத் தேடிக் கண்டடைவதே செய்பவனின் கலை. தொழிற்சாலையில் வந்த கியர்பாக்ஸ் இதைவிடத் துல்லியமானதாக இருக்கலாம், சந்தேகமில்லை. எனினும் அதன் குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வாங்கியவனுக்குத் தெரியாது. வீட்டில் செய்தவனுக்கோ எந்த முளை அரை நூல் சாய்ந்தது, எந்த மேட்டை எத்தனை முறை உப்புத்தாளால் தேய்த்தான் என்பதெல்லாம் அத்துப்படி. ஆகவே அது பழுதாகும் நாளில் தூக்கி எறியாமல் பிரித்து உட்காரக்கூடியவன் அவன்தான்.