சிபியின் சதையும் எர்ணாவூர்த் தழும்பும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்துச் சென்னைக்கு மின்சார ரயில் ஏறுகிறவர் எண்ணூர், கத்திவாக்கம் தாண்டியதும் எர்ணாவூர்ப் பக்கம் வந்துவிடுவார். 2004 சுனாமிக்குப் பின் மீனவக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடம். கடனுக்காகச் சிறுநீரகம் விற்றதாக அங்கிருந்த பெண்கள் 2007இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதற்கும் முன்பே வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பேர் விழுந்தாச்சு. 'உறுப்பு தானம்' என்னும் சொல்லாடலை இந்த இடங்களில் நின்று கட்டுடைக்க வேண்டியிருக்கிறது.

தானம் என்றதும் நம் மரபு நீட்டும் பிம்பம் சிபி. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்தவன். சோழரை அவன் வழியில் வைத்துப் பாடுகிறது புறநானூறு. கவனிக்க: கொடுப்பவன் அரசன், சதை மேலிருந்து கீழே இறங்குகிறது. கண்ணப்பன் கதையில் திசை மாறுகிறது. கொடுப்பவன் வேடன், பெறுபவன் கடவுள். ஆனாலும் இரண்டாவது கண்ணைத் தோண்டப் போகையில் கடவுளின் கை தடுக்கிறது. எர்ணாவூரில் தடுக்கிற கை எது? கந்துவட்டிக்காரன் கையா தடுக்கும்?

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. சரி, வியாபாரம் நின்னுச்சா? நெருங்கிய உறவினர் அல்லாதவரும் அன்பு, பற்று காரணமாகக் கொடுக்கலாம், அங்கீகாரக் குழு ஒப்பினால் போதும் என்கிறது அதே சட்டம். இதை ஒரு பிரதியாக வாசியுங்கள். அங்கே கடனைப் பேச முடியாது. அன்பை மட்டுமே பேச முடியும். தரகர் கதை எழுதுகிறார், விற்பவள் நடிக்கிறாள், குழு வாசிக்கிறது. அகத்திணை இவ்வளவு மலிவாய் எங்கும் நிகழ்த்தப்பட்டதில்லை. குட்டு உடைந்தால் பணம் கொடுத்தவரோடு வாங்கியவளும் குற்றவாளி. ஆகவே தழும்பு வாய் திறப்பதில்லை.

மருத்துவ ஆராய்ச்சி அந்த மௌனத்தைக் கொஞ்சம் உடைத்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் நேர்கண்ட ஆய்வு, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் இன்னொன்றைக் கவனித்தார்: சென்னையில் அவர் சந்தித்த, சிறுநீரகம் விற்ற பெண்கள் முன்னமே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அரசு ஒருமுறை திறந்த உடலைச் சந்தை மறுபடி திறக்கிறது.

மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு ஈந்தவர்க்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் கொடை பெரிது. அதைக் கொச்சைப்படுத்துவது நம் வேலையல்ல. ஆனால் 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபோன செய்தி வந்ததே, அதையும் 'தானம்' என்ற அதே சொல்லால்தானே காகிதத்தில் போர்த்தினார்கள்? விற்றவரைக் குற்றவாளியாக்காத சட்டமும், தழும்போடு வாழ்பவருக்கு ஆயுள் முழுக்க இலவசப் பரிசோதனையும் கேட்போம். கடனை ஒழிக்காமல் தரகரை மட்டும் பிடித்தால் நாளைக்கு வேறொரு தரகர் வருவார். முதலில் அந்தச் சொல்லைப் பிரிப்போம். கொடுத்தது வேறு, பிடுங்கப்பட்டது வேறு.