53 பகுதிகளில் 5,000 ஆண்டுகள்

ஷியாம் பெனகல் என்றதும் பலரும் 'அங்கூர்', 'மந்தன்' என்று சினிமாவுக்குப் போய்விடுவார்கள். எனக்கோ அவர் முதலில் தொலைக்காட்சிக்காரர். வரலாற்றைச் சின்னத்திரையில் இத்தனை மரியாதையோடும் துணிச்சலோடும் கையாண்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

1988-இல் தூர்தர்ஷனில் தொடங்கியது 'பாரத் ஏக் கோஜ்'. அகமத்நகர் கோட்டைச் சிறையில் நேரு எழுதிய நூல்தான் மூலம். சிந்துவெளி முதல் விடுதலை வரை 53 பகுதிகள்! வன்ராஜ் பாட்டியாவின் இசையில் ரிக் வேதத்தின் படைப்புப் பாடல் எழும்பும்போதே உடம்பு சிலிர்க்கும். நேருவாக ரோஷன் சேத் நம் முகம் பார்த்துப் பேசுவார். அடுத்த நிமிடம் ஓர் அரசவை விரியும்.

நடிகர்களைப் பெனகல் பயன்படுத்திய விதம் இருக்கிறதே, அடடா! துரியோதனன், அசோகர், அலாவுதீன் கில்ஜி, ஔரங்கசீப் எல்லாமே ஓம் புரிதான். கூத்தில் ஒரே கலைஞர் வேஷம் மாற்றி வருவாரே, அப்படி. அசோகராக நம் மனதைக் கரைத்தவரே ஔரங்கசீப்பாக வந்து நிற்கும்போது, ஒருவரை நல்லவர், இன்னொருவரைக் கெட்டவர் என்று முத்திரை குத்தக் கை வராது. எந்த மன்னரையும் மனிதராகப் பார்க்கப் பழக்கிவிட்டார் பெனகல்.

இன்னொரு பெருமை, சிலப்பதிகாரத்துக்கும் சோழர்களுக்கும் அதில் தனி இடம் தந்தார். வடக்கத்தி மன்னர்களோடு இந்திய வரலாற்றை முடித்துவிடுகிற பாடப்புத்தகங்களுக்கு நடுவே, கண்ணகி நீதி கேட்ட கதையை நாடே பார்த்தது.

கலை பற்றிய படங்களிலும் இதே அக்கறைதான். சத்யஜித் ராய் பற்றிய ஆவணப்படத்தில் 'கரே பாய்ரே' படப்பிடிப்புக்கே கேமராவோடு போனார். மேதையைப் பேசவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிற அந்தப் பண்பு எத்தனை பேருக்கு வரும்?

2014-இல், 79 வயதில், ராஜ்யசபா டிவிக்காக 'சம்விதான்' எடுத்தார். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் 10 பகுதிகளாக. போர்க்களம் கிடையாது, பேச்சுதான். ஆனாலும் அம்பேத்கராக சச்சின் கேடேகர் எழுந்து வாதாடும்போது கண்ணை எடுக்க முடியவில்லை.

2024 டிசம்பரில், 90 வயதில் பெனகல் காலமானார். இரண்டு தொடர்களும் யூடியூபில் இருக்கின்றன. முதலில் சிலப்பதிகாரப் பகுதியைப் போடுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.