மணிவிளக்கும் மரப்பின்னலும்

டோக்கியோவின் டொரனோமொன் பகுதியில் இருக்கிறது ஒகுரா ஹோட்டல். அதன் முகப்புக் கூடத்துக்குள் கால் வைத்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். உயரத்திலிருந்து விளக்குகள் சரம் சரமாக இறங்கி வருகின்றன. ஒவ்வொரு சரமும் மணி கோத்த மாலை. மணிகள் நடுவில் பருத்து, மேலும் கீழும் ஒடுங்கி, சுற்றிலும் பட்டை தீட்டியவை. ஏறத்தாழ 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை நீண்ட கொஃபுன் காலத்தில், ஜப்பானியர் தங்கள் பெரியவர்களின் கல்லறைகளில் வைத்துப் புதைத்த ஸ்படிக மணிகளின் உருவம் இது. நம் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த ஸ்படிகத்தையும் சூதுபவளத்தையும் கண்டு நெகிழ்ந்தவர்கள், இந்த விளக்குகளின் கீழே வேற்றூர்க்காரராக நிற்க மாட்டார்கள். கழுத்தளவு மணியை ஆளளவுக்குப் பெருக்கி, கல்லின் உள்ளே இருந்த ஒளியையும் அதோடு சேர்த்தே பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒளியின் நிறத்தைச் சொல்ல வேண்டும். தேனில் கொஞ்சம் பால் விட்டாற்போன்ற மஞ்சள். முகத்தில் படுகிறது, கண்ணைத் தொடுவதில்லை. இவ்வளவு பெரிய கூடத்தில் எந்த மூலையிலும் பளபளப்பு என்பதே கிடையாது. உயர்ந்த விடுதி என்றால் பளிங்கும் பொன்முலாமும் சரவிளக்கும் என்று பழகிய கண்ணுக்கு இது முதலில் ஏமாற்றமாகக்கூடத் தோன்றலாம். சற்று உட்காருங்கள். கண் மெல்ல அடங்க அடங்க, கூடம் ஒவ்வொன்றாகத் தன் அழகுகளை எடுத்து நீட்டும்.

உட்காரும் இடமே அந்த அழகுகளில் ஒன்று. வட்டமான அரக்குப் பூச்சு மேசை, அதைச் சுற்றி ஐந்து நாற்காலிகள்; கூடம் முழுவதும் இப்படிக் கொத்துக் கொத்தாக. உட்கார்ந்திருக்கும்போது அவை வெறும் மேசை நாற்காலிதான். இடைத்தளத்துக்கு ஏறிப் போய்க் கைப்பிடியோரம் நின்று கீழே பார்க்கும்போதுதான் தெரியும், தரையெங்கும் பிளம் பூ பூத்திருக்கிறது. நடுவில் மேசை பொகுட்டு, நாற்காலிகள் ஐந்தும் இதழ்கள். குளிர் முழுதாக விலகும் முன்பே மலர்ந்துவிடும் அந்த மரத்தின்மேல் ஜப்பானியருக்குத் தீராத பிரியம். யாராவது வந்து நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டு அமர்ந்தால் ஒரு இதழ் விலகுகிறது. எழுந்து போனதும் பணியாள் ஓசையின்றி வந்து அதைப் பழைய இடத்தில் சேர்த்துவிடுகிறார். பூவுக்குள் உட்கார்ந்திருந்தோம் என்று அறியாமலே பலர் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அறியவேண்டும் என்ற அவசரம் அந்தக் கூடத்துக்கு இல்லை, அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் அதிக நேரம் நின்றது மரப்பின்னலின் முன்னால். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி பாயும் வடக்கனந்தல் எனக்கு ஊர். எங்கள் பக்கத்துக் கண்ணுக்கு மரவேலை என்றால் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்தான். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் பட்டறை வாசலில் வாகைப் பலகை சாய்ந்திருக்கும். கொட்டாப்புளி தட்டத் தட்ட உளி உள்ளே இறங்கி, பலகைக்குள்ளிருந்து திருவாசி எழும், யாளி எழும், பிள்ளையார் தும்பிக்கையை வளைத்து எழுவார். எங்கள் ஆசாரிகள் மரத்தில் வெற்றிடம் விட மாட்டார்கள். உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவில் விரல்நுனி அளவு இடம் கிடைத்தாலும் அங்கே ஒரு கொடி சுருண்டிருக்கும்.

அந்தக் கண்ணோடு ஒகுராவின் பின்னலைப் பார்த்தேன். இங்கே வேலையின் போக்கே வேறு. ஈர்க்குச்சி போல மெலிந்த மரச்சட்டங்கள். அவற்றை நாக்கும் காடியுமாக வெட்டி, ஆணி இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தி, முதலில் முக்கோணங்களாலான ஒரு வலை. பிறகு ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் மூன்று மூலைகளிலிருந்து மூன்று சிறு துண்டுகள் புறப்பட்டு நட்டநடுவில் கூடுகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் இவ்வளவுதான்: மூன்று துண்டு, ஒரு கூடல். ஓரடி பின்னால் வாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு முக்கோணங்கள் கைகோத்து ஆறுகொம்பு நட்சத்திரமாகிவிடுகின்றன. இன்னும் பின்னால் வந்தால் நட்சத்திரத்தின் கொம்பே அடுத்த நட்சத்திரத்துக்கும் கொம்பு. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று விரல்வைத்துச் சொல்ல முடியாது. சணல் இலைக் கோலம் என்பார்கள் இதை. அந்தச் செடி நெடுநெடுவென்று நேராக, வேகமாக வளரும். அப்படியே வளரட்டும் என்று பச்சைக் குழந்தையின் சட்டையில் இந்தக் கோலத்தைப் போடுவது ஜப்பானிய வழக்கம்.

கள்ளக்குறிச்சி ஆசாரி மரத்தை நிறைத்து அழகு செய்கிறார். இந்தத் தச்சர் மரத்தைக் குறைத்துக் குறைத்து, மிச்சமிருக்கும் வெளியை அழகாக்குகிறார். இரண்டு கைகளும் ஒரே பொறுமையில் விளைந்தவை. முக்கோணத்துக்குள் போகும் துண்டின் முனையைச் சரியான கோணத்தில் இழைக்க வேண்டும். மயிரளவு கூடினால் உள்ளே இறங்காது, மயிரளவு குறைந்தால் நிற்காது. அப்படி இழைத்த முனைகள் அந்தப் பின்னலில் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

சுவரில் நெய்த பட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தோமிமோட்டோ கென்கிச்சி என்ற பெரும் மட்பாண்டக் கலைஞர் உருவாக்கிய நாலிதழ்ப் பூக்கோலம் அதில் அலையலையாகப் படர்கிறது. அவர் பார்த்து வரைந்த பூ, நம் மல்லிகையைப் போல வெள்ளை வெளேரென்று கொடியில் பூப்பது. அதற்கு உண்மையில் ஐந்து இதழ். கோலமாக நாற்புறமும் தொடுத்துக்கொண்டே போக நாலுதான் வசதி என்று ஒரு இதழை எடுத்துவிட்டார். இயற்கையில் இல்லாத பூ அது. ஆனால் பார்க்கும்போது இதுதான் அந்தக் கொடி பூத்திருக்க வேண்டிய பூ என்று தோன்றிவிடுகிறது. பீங்கானில் பிறந்த அந்தக் கோலத்தை இங்கே பட்டிழை தாங்கியிருக்கிறது. வெளிச்சம் சாய்ந்து விழும்போது பூக்கள் ஒரு கணம் எழுந்து, அடுத்த கணம் இழைக்குள்ளேயே அமிழ்கின்றன.

எதிர்ப்புறம் நெடிய காகிதத் திரைகள். வெளியே மூங்கில். பகல் வெளிச்சம் மூங்கிலைத் தாண்டி வந்து காகிதத்தில் இலை நிழலை எழுதுகிறது. காற்றடித்தால் எழுத்து மாறுகிறது. ஓவியத்துக்கென்று ஒதுக்கக்கூடிய இடத்தை நிழலுக்கு விட்டுக்கொடுத்த மனத்தை என்னவென்று பாராட்டுவது!

இந்தக் கூடத்தை முதலில் வடித்தவர் தனிகுச்சி யோஷிரோ. பிரபு ஒகுரா கிஷிச்சிரோ நிறுவிய இந்த ஹோட்டல் 1962 மே மாதம் திறந்தது. 2015இல் பழைய கட்டடம் மூடப்பட்டபோது, இந்தக் கூடத்துக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் குரல் எழுந்தது. 2019 செப்டம்பரில் 41 மாடிக் கோபுரமும் 17 மாடிக் கட்டடமுமாகப் புதிய ஒகுரா எழுந்தது. கோபுரத்தின் 5ஆம் தளத்தில் அதே கூடம் மறுபடி அமைந்தது: அதே மணிவிளக்கு, அதே பிளம் பூ, அதே சணல் இலை. அதை மீண்டும் வடித்தவர் யோஷிரோவின் மகன் தனிகுச்சி யோஷியோ. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தை விரித்துக் கட்டி 2004இல் உலகப் பெயர் வாங்கியவர். தன் பாணியில் ஒன்றைச் செய்து நிறுத்த அவருக்கு என்ன தடை? அப்பா விட்ட இடத்தில் விட்டபடி எல்லாவற்றையும் வைத்தார். அப்பனும் மகனுமாக இவர்களின் கட்டடங்கள் ஒரே வளாகத்தில் நிற்பதை உவேனோ அருங்காட்சியகத்திலும் காணலாம்: தந்தையின் கீழ்த்திசைக் கூடம் 1968, மகனின் ஹோரியூஜி பொக்கிஷக் கூடம் 1999. யோஷியோ 2024 டிசம்பரில் மறைந்தார். மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியை வள்ளுவர் சொன்னதோடு நிறுத்தாமல் கல்லிலும் மரத்திலும் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வரலாம்.

அறைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மனம் கீழே கூடத்திலேயே இருந்தது. ஆனாலும் படுக்கையில் மடித்து வைத்திருந்த இரவு உடையை மறக்க முடியவில்லை. மடிப்பின் ஓரம் மெத்தையின் ஓரத்தோடு ஒரு நூல் பிசகாமல் ஒட்டி நின்றது. அதை உடுத்துவதற்கும் முறை உண்டு: இடப்பக்கத்து மடிப்பு வலப்பக்கத்தின்மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும். அறையைக் காட்ட வந்த பெண் கதவைச் சாத்தும்போது, கடைசி விரற்கடை இடைவெளியில் கையைத் தாமதித்து, பிறகு மூடினார். கதவு சேரும் ஓசை கேட்கவே இல்லை.

காலை உணவுக்கு ஆர்க்கிட் என்ற உணவகத்தில் பிரெஞ்சு டோஸ்ட் கேளுங்கள். பெயரைக் கேட்டு, முட்டையில் தோய்த்த ரொட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். பால், முட்டை, சர்க்கரைக் கலவையில் தடித்த ரொட்டித் துண்டை ஒரு முழு நாள் ஊறவைக்கிறார்கள். ஒருபக்கம் பாதி நாள் ஊறியபின் திருப்பி, மறுபக்கம் பாதி நாள். சட்டியில் மெல்லிய தீயில் வெந்து வரும்போது வெளியே பொன்னிறத் தோல். கத்தி வைத்தால் உள்ளே பால்கோவா பதத்துக்கு முந்திய ஒரு நெகிழ்வு. மரத்துண்டின் முனையை இழைத்த அதே பொறுமை சமையற்கட்டிலும் இருக்கிறது.

ஒகுராவில் தங்கப் பெரும்பணம் ஆகும். கூடத்தில் உட்கார அது தேவையில்லை. வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒகுரா குடும்பத்தார் 1917இல் தொடங்கிய கலைக்கூடமும் உண்டு, அதைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் வெயில் உள்ள காலையாகப் பார்த்துப் போங்கள், மூங்கில் நிழல் அப்போதுதான் திரையில் நன்றாக விழும். முதலில் கீழே ஒரு நாற்காலியில் அமருங்கள். மரப்பின்னலை ஓரடி, மூன்றடி, பத்தடி என்று தள்ளித் தள்ளி நின்று பாருங்கள். இடைத்தளத்துக்கு அதன்பிறகு ஏறினால் போதும்.