யாருக்குப் பாதுகாப்பு?

மாலை 6 முதல் இரவு 10 மணிவரை கைபேசியை ஒப்படைக்க மறுத்ததால் மகளிர் விடுதியிலிருந்து நீக்கப்பட்ட மாணவியைத் திரும்பச் சேர்க்குமாறு 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இணையம் கல்வியுரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்றது. அப்போது காஷ்மீரில் இணையம் முடங்கிக் கிடந்தது. காலவரையற்ற முடக்கம் கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது.

விடுதியையும் அரசையும் இப்படிக் கேள்வி கேட்கலாம். வீட்டில் அண்ணன் பிடுங்கிவைக்கும் கைபேசிக்கு ஆணையுமில்லை, கெடுவுமில்லை, மேல்முறையீடுமில்லை. ஆபாசச் செய்தி வந்ததைச் சொன்னால் முதலில் பறிபோவது தன் கைபேசிதான் என்று தெரிந்த பெண் வாய்திறப்பதில்லை. அனுப்பியவன் பத்திரமாக இருக்கிறான். அரசின் தணிக்கையை எதிர்த்து எழுதும் தோழர்கள் பலர், மகளின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதைப் பாதுகாப்பு என்கிறார்கள். அரசும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறது.